18 ஸ்டாஃபோர்ட் டெரஸ்: லண்டன்ல ஒரு கார்ட்டூனிஸ்ட் குடும்பமும் அவங்க விட்டுட்டுப் போன வீடும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதல்ல இது எங்க இருக்கு, யாரோட வீடு?

லண்டன்ல கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்னு ஒரு பெரிய கடைத்தெரு இருக்கு, அதுக்குப் பின்னாடி ஒரு அமைதியான தெரு, அதுதான் ஸ்டாஃபோர்ட் டெரஸ். ஒட்டி ஒட்டி வரிசையா கட்டின உயரமான வீடுங்க, எல்லாம் ஒரே அச்சு, வெள்ளைப் பூச்சு வேலை, முன்னாடி இரும்புக் கம்பி வேலி. அதுல நம்பர் 18தான் நாம பேசப்போற வீடு. வெளியில இருந்து பார்த்தா பக்கத்து வீட்டுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. லின்லி சாம்போர்ன்னு ஒரு கார்ட்டூனிஸ்ட், அவரு மனைவி மேரியன், ரெண்டு பசங்க, கூட வேலைக்காரங்க, இவங்க 1875ல இருந்து இங்க வாழ்ந்தாங்க. அதே குடும்பம் 1980 வரைக்கும் வீட்டைக் கையிலயே வச்சிருந்தது, இடையில யாரும் பெருசா எதையும் மாத்தல, அதனால உள்ள போனா விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்க வீடு ஒண்ணு அப்படியே இருக்கு.

லின்லி சாம்போர்னா? கேள்விப்பட்டதே இல்லையே?

பேரு தெரியாம இருக்கலாம், அவரு படத்தை நீங்க பார்த்திருக்க சான்ஸ் ரொம்ப அதிகம். ஆப்பிரிக்கா மேப் மேல ஒருத்தன் ஒரு காலை தெற்கு முனையிலயும் இன்னொரு காலை எகிப்துலயும் வச்சு, கையில தந்திக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பானே, காலனி ஆதிக்கம்னு பேச்சு வந்தாலே ஹிஸ்டரி புக்குல போடுவாங்களே, அந்தப் படம் இவரு வரைஞ்சது. 1892 டிசம்பர்ல 'பஞ்ச்'ங்கிற லண்டன் கிண்டல் வாரப் பத்திரிகைல வந்தது, அதுல இருக்கிறவரு செசில் ரோட்ஸ்ங்கிற பிரிட்டிஷ் காலனித் தலைவரு, தென்னாப்பிரிக்காவோட கேப்ல இருந்து எகிப்தோட கெய்ரோ வரைக்கும் தந்தி லைன் போடணும்னு கிளம்பினவரு. அதே மாதிரி மண்புழுல இருந்து சுத்திச் சுத்தி குரங்கு வந்து, குரங்குல இருந்து மனுஷன் வந்து, கடைசில தொப்பியைத் தூக்கி வணக்கம் போடற ஜென்டில்மேன் வரைக்கும் போற டார்வின் கார்ட்டூன், அதுவும் இவருதான், பஞ்சோட 1882ம் வருஷ பஞ்சாங்க இதழுக்கு. டார்வின் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மண்புழு பத்தி புக் போட்டிருந்தாரு, அதை வச்சு அடிச்ச கிண்டல். 1906ல காங்கோ மக்களை ரப்பர் கொடியா, பாம்பா சுத்தி நெரிக்கிற பெல்ஜியம் ராஜா லியோபோல்ட் படமும் இவரோடது, அது ரொம்ப கடுமையான படம்.

ஆளு பொறந்தது 1844ல. பதினாறு வயசுல கிரீனிச்ல ஜான் பென் கம்பெனியில, அதாவது கப்பல் இன்ஜின் செய்யற இடத்துல, டிராயிங் ஆபீஸ்ல பயிற்சிக்குச் சேர்ந்தாரு. அங்க ஸ்கேல் வச்சு கோடு போட்டுக்கிட்டே ஓரத்துல கிறுக்கின படம் ஒண்ணு எப்படியோ பஞ்ச் ஆசிரியர் மார்க் லெமன் கைக்குப் போயிருக்கு, 1867ல இருந்து வேலை கிடைச்சிருச்சு. பஞ்ச்னா அந்தக் காலத்துல சாதாரண பத்திரிகை இல்ல, நம்ம ஊர்ப் பக்கமே லக்னோல 1877ல 'அவத் பஞ்ச்'னு அது பேரை வச்சே உருதுல ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அந்த அளவுக்கு செல்வாக்கு. பஞ்சோட முதன்மை கார்ட்டூனிஸ்டா இருந்த ஜான் டெனியல்ங்கிற பெரியவரு ரிட்டையர் ஆகற வரைக்கும், அதாவது 1901 வரைக்கும், சாம்போர்ன் ரெண்டாவது இடத்துலயே இருந்தாரு. முதல் இடம் கிடைச்சப்ப வயசு அம்பத்தேழு. 1910ல காலமாயிட்டாரு.

ரொம்ப பணக்காரக் குடும்பமா?

இல்லைங்க, இதுதான் இந்த வீட்டோட சுவாரஸ்யமே. சம்பாத்தியம் நல்லாவே இருந்தது, ஆனா பரம்பரை சொத்து, எஸ்டேட், பட்டம்னு ஒண்ணும் கிடையாது, வாரா வாரம் வரைஞ்சாதான் காசு. மேரியன் பொறந்த வீடு கொஞ்சம் வசதி, அப்பா ஸ்பென்சர் ஹெராபத் ஷேர் மார்க்கெட் புரோக்கர். 1874 அக்டோபர்ல கல்யாணம், அடுத்த வருஷமே இந்த வீட்டோட 89 வருஷ லீஸை 2000 பவுண்டுக்கு வாங்கிட்டாங்க. கவனிங்க, சொந்தமா மனை வாங்கல, லீஸ்தான், லண்டன்ல பாதிப் பேரு அப்படித்தான் இருந்தாங்க.

இந்த ஏரியாவை ஏன் புடிச்சாங்கன்னா, கொஞ்ச தூரத்துல ஹாலண்ட் பார்க் பக்கம் பெரிய பெரிய ஓவியர்கள் குடியிருந்தாங்க. ஃபிரெட்ரிக் லெய்ட்டன், ஜி.எஃப். வாட்ஸ், மார்கஸ் ஸ்டோன், லூக் ஃபில்டஸ், இவங்க எல்லாம் படம் வித்தே மாளிகை கட்டினவங்க. சாம்போர்ன் பத்திரிகைல கறுப்பு வெள்ளைல வரையறவரு, ஆர்ட் உலகத்துல அது ஒரு படி கீழ. ஆனா அதே விருந்துகளுக்குப் போகணும், அவங்களைத் தன் வீட்டுக்கு அழைக்கணும், அப்ப வீடு அதுக்கு ஏத்த மாதிரி தெரியணும் இல்லையா. வீடு முழுக்க இந்த ஒரு தவிப்புதான் தெரியுது, எனக்கு அது ரொம்ப மனுஷத்தனமா படுது.

உள்ள ஏன் இவ்வளவு சாமான்? மூச்சு முட்டாதா?

முட்டும். போட்டோ பார்த்தாலே முட்டும். சுவத்துல ஒரு கை அளவு இடம் விடாம ஃபிரேம் போட்ட படங்க, அதுக்கு மேல அலமாரி மாதிரி ஒரு தட்டு ஓடுது, அதுல சீன, ஜப்பான் பீங்கான் தட்டுங்க வரிசையா, கீழ நாற்காலி, மேஜை, கடிகாரம், ஜாடி, பித்தளை சாமான். அப்ப இங்கிலாந்துல 'ஏஸ்தெடிக்' ஸ்டைல்னு ஒரு அலை ஓடிக்கிட்டு இருந்தது, வில்லியம் மோரிஸ்ங்கிற டிசைனரோட வால்பேப்பர், நீலமும் வெள்ளையும் கலந்த பீங்கான், ஜப்பான் விசிறி, கலர் கண்ணாடி ஜன்னல், இதெல்லாம் இருந்தா ரசனை உள்ளவங்கன்னு அர்த்தம். சாம்போர்ன் அந்த லிஸ்ட்ல எதையும் விடல.

ஆனா உத்துப் பார்த்தா விஷயம் வேற. சுவத்துல இருக்கிற படங்கள்ல நிறைய ஒரிஜினல் ஓவியமே இல்ல, பெரிய ஓவியர்களோட படத்தை போட்டோ எடுத்து ஃபிரேம் போட்டது. மிச்சத்துல நிறைய அவரே வரைஞ்சது, இல்ல கூட வேலை பார்த்த நண்பர்கள் கொடுத்தது. மாளிகைல இருக்கிறதை நடுத்தர வர்க்க பட்ஜெட்ல செஞ்சு காட்டின வீடு இது. கலர் கண்ணாடி ஜன்னல்ல குடும்பச் சின்னம் வேற, டிசைன் பண்ணது அவரே.

ஜன்னல்ல கண்ணாடிப் பெட்டி கட்டி உள்ள பெரணிச் செடி வளர்த்திருக்காங்க பாருங்க, அது அழகுக்கு மட்டும் இல்ல, பின்பக்கம் தெரியற மத்த வீட்டுச் சுவரையும் கூரையையும் மறைக்கவும்தான் அந்த ஏற்பாடு பயன்பட்டுது.

வால்பேப்பர் பத்தி ஏதோ கதை இருக்குன்னு சொல்றாங்களே?

இருக்கு, எனக்கு இந்த வீட்டுலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான். டிராயிங் ரூம்ல, அதாவது விருந்தாளிங்க உட்காரற ரூம்ல, முதல்ல மோரிஸ் வால்பேப்பர் ஒட்டியிருந்தாங்க. அப்புறம் ஃபேஷன் மாறிடுச்சு, தோல் மாதிரியே புடைச்சு தங்கக் கலர் அடிச்ச பேப்பர் வந்தது, விலை எக்கச்சக்கம். சாம்போர்னுக்கு அது வேணும், ஆனா ரூம் முழுக்க ஒட்ட மனசு வரல. என்ன பண்ணாரு தெரியுமா, சுவத்துல படங்கள் மாட்டியிருக்கிற இடத்தை விட்டுட்டு, கண்ணுக்குத் தெரியற இடத்துல மட்டும் புதுப் பேப்பரை ஒட்டிட்டாரு. படத்தைக் கழட்டிப் பார்த்தா பின்னாடி பழைய மோரிஸ் பேப்பர் அப்படியே. தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறப்ப பீரோவுக்குப் பின்னாடி விட்டுட்டு அடிப்போமே, அதே டெக்னிக்!

இதுல இன்னொரு லாபம். அவரு கஞ்சத்தனம் பண்ணதாலதான் வெயில் படாத, கலர் மங்காத பழைய பேப்பர் இன்னிக்கும் ஆராய்ச்சி பண்றவங்களுக்குக் கிடைக்குது.

அவரு வரையறதுக்கு ஸ்டுடியோ எங்க இருந்தது?

ரொம்ப வருஷம் தனி ஸ்டுடியோவே கிடையாது. டிராயிங் ரூம்ல வெளிச்சம் வர்ற ஜன்னல் பக்கம் படம் வரையற ஸ்டாண்டைப் போட்டுக்கிட்டு அங்கேயே வேலை. விருந்தாளி உட்காரற ரூமும் அதுதான், ஆபீஸும் அதுதான். மக மோட் 1898ல கல்யாணம் ஆகிப் போனப்புறம், 1899ல மேல் மாடியில பசங்க இருந்த நர்சரி ரூமை ஸ்டுடியோவா மாத்திக்கிட்டாரு.

வேலை ஸ்பீடு பத்தி சொல்லணும். பஞ்ச் ஆளுங்க புதன்கிழமை ராத்திரி சேர்ந்து சாப்பிடுவாங்க, அந்த மேஜையிலதான் அடுத்த இதழோட முக்கியமான அரசியல் கார்ட்டூன் என்னன்னு பேசி முடிவாகும் (மேஜை மேல பேரோட முதல் எழுத்தைக் கத்தியால செதுக்கி வைக்கிற பழக்கமும் உண்டு). வெள்ளிக்கிழமைக்குள்ள படம் ரெடியாகணும். நடுவுல ஒரே ஒரு நாள். ராணுவ உடுப்பு சரியா இருக்கணும், கப்பல் கயிறு சரியா இருக்கணும், குதிரைக் கால் சரியா இருக்கணும், இவரு வேற இன்ஜினியரிங் ஆபீஸ்ல வளர்ந்தவரு, தப்பா ஒரு திருகாணி வரைஞ்சாலும் தூக்கம் வராத கேஸு. அப்பதான் கேமரா உள்ள வருது.

கேமராவா? அவரு போட்டோகிராஃபரும் கூடவா?

தொழில்முறைல இல்ல. 1880கள்ல வேலைக்கு உதவியா இருக்கும்னு ஆரம்பிச்சாரு, போகப் போக வெறி ஆயிடுச்சு. வியாழக்கிழமை காலைல யாரு கையில கிடைச்சாலும் பின்பக்க முத்தத்துல நிக்க வச்சு போஸ் கொடுக்கச் சொல்லுவாரு. மனைவி, பசங்க, வேலைக்காரங்க, குதிரையைப் பார்த்துக்கிறவரு, யாரும் தப்ப முடியாது. யாரும் இல்லைன்னா தானே வேஷம் கட்டிக்கிட்டு நின்னு எடுத்துக்குவாரு. ஒரு கையில துடைப்பக்கட்டையை வாள் மாதிரி பிடிச்ச மாதிரி எல்லாம் போஸ் வரும், பத்திரிகைல வர்றப்ப அதுவே ராஜாவோ சிப்பாயோ ஆயிடும். இப்படி ஆயிரக்கணக்குல போட்டோ சேர்ந்துச்சு, எல்லாத்தையும் விஷயவாரியா பிரிச்சு அலமாரியில வச்சிருந்தாரு, இப்ப நாம கூகுள்ல ரெஃபரன்ஸ் இமேஜ் தேடறோம்ல, அதை அவரு கையால கட்டி வச்சிருந்தாரு.

பிரிண்டுல நிறைய நீலக் கலர்ல இருக்கும், அது சயனோடைப். நம்ம ஊர்ல பில்டிங் பிளானை ப்ளூப்ரின்ட்னு சொல்றோமே, அதே கெமிக்கல். இருட்டறைல கஷ்டப்பட வேண்டாம், நெகடிவை பேப்பர் மேல வச்சு வெயில்ல காட்டி தண்ணியில அலசினா படம் வந்துரும், செலவும் கம்மி. டிராயிங் ஆபீஸ்ல இருந்து வந்தவருக்கு இது தெரிஞ்ச சமாச்சாரமா இருந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

பாத்ரூம் கதை?

வீட்டு பாத்ரூமையே போட்டோ கழுவற இடமா ஆக்கிட்டாரு. மேரியனோட நிலைமையை நினைச்சுப் பாருங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

தெருவுல போற பெண்களை ரகசியமா போட்டோ எடுத்தாராமே, உண்மையா?

உண்மை. மறைச்சுப் பேச ஒண்ணும் இல்ல. கடைசி காலத்துல, 1905ல இருந்து சில வருஷம், பக்கவாட்டுல படம் எடுக்கிற மாதிரி இருக்கிற கேமராவை வச்சுக்கிட்டு கென்சிங்டன் தெருவுல நடந்து போறவங்களை அவங்களுக்கே தெரியாம எடுத்திருக்காரு. அவரு வேற பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும், லென்ஸ் இவங்க பக்கம் இருக்கும். அதுல பெரும்பாலும் இளம் பெண்கள், ஸ்கூல் போற பொண்ணுங்களும் இருக்காங்க. இது தவிர கேமரா கிளப்ல மாடல்களை நிர்வாணமா எடுத்த படங்களும் நிறைய, சிலது இந்த வீட்டுலயே மேரியன் ஊர்ல இல்லாத நாள்ல எடுத்தது.

இப்ப ஃபேஷன் ஹிஸ்டரி ஆளுங்க அந்தத் தெரு படங்களைக் கொண்டாடறாங்க, ஏன்னா அந்தக் காலத்து போட்டோன்னாலே விறைப்பா ஸ்டுடியோல நிக்கிறதுதான், இதுல பெண்கள் சைக்கிள் ஓட்டறாங்க, புக் படிச்சுக்கிட்டே நடக்கறாங்க, பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோடு கிராஸ் பண்றாங்க. அது எல்லாம் சரிதான், மதிப்பு இருக்கு. ஆனா ‘அந்தக் காலத்துல அப்படித்தான்’னு சொல்லி மன்னிச்சு விடறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது, மறைச்சு வச்சு எடுத்தாருன்னாலே அது தப்புன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்.

வேலைக்காரங்க எத்தனை பேரு? அவங்க எங்க இருந்தாங்க?

சமையலுக்கு ஒருத்தங்க, சாப்பாடு பரிமாற, கதவு திறக்க ஒரு பார்லர்மெய்டு, வீட்டைச் சுத்தம் பண்ண ஒரு ஹவுஸ்மெய்டு, பசங்க சின்னவங்களா இருந்தப்ப ஒரு ஆயா, குதிரைக்கு ஒரு ஆளு. சமையல் கீழ பேஸ்மென்ட்ல, தூங்கறது மேல உச்சில. நடுவுல இருக்கிற எல்லா மாடிக்கும் நிலக்கரி வாளி, சுடுதண்ணி, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் கையால தூக்கிட்டுப் போகணும், அந்தப் படிக்கட்டு எவ்வளவு செங்குத்தா இருக்குன்னு நேர்ல ஏறினா புரியும். சாம்போர்ன் காலைல குதிரை ஏறி ஹைட் பார்க்ல ஒரு ரவுண்டு போயிட்டு வருவாரு, அந்தக் குதிரைச் செலவு மேரியனுக்கு ஒரு தலைவலி.

மேரியன் பத்தி இவ்வளவு எப்படித் தெரியுது?

டைரி. 1880கள் ஆரம்பத்துல இருந்து 1914ல அவங்க காலமாகற வரைக்கும் எழுதியிருக்காங்க. இலக்கியமா ஒண்ணும் இருக்காது, ஒரு நாளைக்கு நாலு வரி. யாரு வந்தாங்க, என்ன சமைச்சாங்க, வேலைக்காரப் பொண்ணு நின்னுட்டா, பையனுக்கு ஜுரம், தலைவலி, ஷேர் விலை ஏறிச்சு, லின் (புருஷனைத்தான் அப்படிச் சொல்லுவாங்க) இன்னும் சாப்பிட வரல, வேலை முடியல. இப்படியே போகும். புருஷனும் தனியா ஒரு டைரி எழுதினாரு, அதனால ஒரே நாளை ரெண்டு பேரும் எப்படிப் பார்த்தாங்கன்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம், இது ஹிஸ்டரில ரொம்ப அபூர்வம்.

எனக்கு இந்த வீட்டுல நிஜ ஹீரோ அவங்கதான். அவரு வாங்கிக் குவிப்பாரு, அவங்க கணக்குப் பார்ப்பாங்க. விருந்துன்னா மெனு போட்டு, யாரு யாரு பக்கத்துல உட்காரணும்னு யோசிச்சு, மறுநாள் அது எப்படிப் போச்சுன்னு எழுதி வச்சிருப்பாங்க. விருந்து நல்லா நடந்தாதான் புருஷனுக்கு அந்த வட்டாரத்துல மரியாதைன்னு அவங்களுக்குத் தெரியும். அந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

பசங்க என்ன ஆனாங்க?

மூத்தவ மோட், 1875ல பொறந்தா. அம்மாவோட சமர்த்து, அப்பாவோட கை, ரெண்டும் வந்தது, நல்லா வரைவா. 1898ல லெனார்ட் மெசல்ங்கிறவரைக் கட்டினா, ஜெர்மன் யூதப் பின்னணியுள்ள, ஷேர் புரோக்கிங்ல செமத்தியா சம்பாதிச்ச குடும்பம். அப்பா ஆசைப்பட்ட உயரத்தை மக ஒரே தாவுல தாண்டிட்டா. சசெக்ஸ்ல 'நைமன்ஸ்'னு பெரிய தோட்டம் மெசல் குடும்பத்தோடதுதான், இப்ப பழைய வீடு, தோட்டங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் கையில இருக்கு. லெனார்ட் பேருல ஒரு இளஞ்சிவப்பு மக்னோலியா மரமே இருக்கு, நர்சரிக்காரங்க இன்னும் விக்கறாங்க. மோட் பையன் ஆலிவர் மெசல், லண்டன் நாடக மேடைல பெரிய செட் டிசைனர்.

ரெண்டாவது ராய், 1878. பெரிய இடத்துப் பசங்க படிக்கிற ஈட்டன் ஸ்கூல்ல படிக்க வச்சாங்க, அதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு நினைச்சா பாவமா இருக்கும். ஷேர் மார்க்கெட்ல வேலைக்குப் போனாரு, அதுல பெருசா மனசு ஒட்டல, கல்யாணம் பண்ணிக்கல. அவரு ரூம்ல நாடக நடிகைங்க போட்டோவா மாட்டி வச்சிருந்தாரு.

அப்பா அம்மா போனப்புறம் வீடு எப்படி மாறாம இருந்தது?

இதுக்குப் பெரிய லட்சியம் எல்லாம் காரணம் இல்ல, ராயோட சுபாவம்தான். 1914ல அம்மா காலமானதும் அவரு மட்டும் இந்த வீட்டுல இருந்தாரு, 1946ல அவரு போற வரைக்கும். முப்பத்திரண்டு வருஷம். ஒரு தனி ஆளுக்கு டிராயிங் ரூமை மாத்தணும்னு என்ன அவசியம், அப்படியே விட்டுட்டாரு. அந்த முப்பது வருஷத்துலதான் லண்டன்ல மத்த எல்லா வீட்டுலயும் விக்டோரியா காலத்துச் சாமானைத் தூக்கித் தெருவுல போட்டாங்க, சுவத்துக்கு கிரீம் கலர் அடிச்சாங்க, வீட்டையே ஃபிளாட்டா வெட்டினாங்க. தாத்தா காலத்து டேஸ்ட்னாலே எல்லாருக்கும் சிரிப்பு. ராய் வீட்டுல எதுவும் நடக்கல. மியூசியம் ஆளுங்க கோடிக் கணக்குல செலவு பண்ணி செய்யற வேலையை அவரு சும்மா இருந்தே செஞ்சுட்டாரு.

அப்புறம் யாரு காப்பாத்தினாங்க?

மோட் மக ஆன். 1902ல பொறந்தவங்க. அக்கா மோட் தம்பி வீட்டை வித்துடலாமான்னு யோசிக்கிற இடத்துல, வேண்டாம்மா வச்சுக்கலாம்னு பிடிச்சுக்கிட்டது ஆன்தான், 1960ல மோட் காலமானதும் வீடு அவங்க கைக்கு வந்தது. அதுக்குள்ள அவங்க ரெண்டாவது கல்யாணத்துல ராஸ் கோமகனைக் கட்டி ராஸ் கோமாட்டி ஆகியிருந்தாங்க, அயர்லாந்துல பிர் கோட்டையில வாசம், லண்டன் வர்றப்ப தங்க இந்த வீடு. சொசைட்டி லேடி, அழகுன்னா அழகு, அப்படிப்பட்டவங்களுக்கு ஊரே கிண்டல் பண்ற இந்த இருட்டு வீட்டு மேல பாசம்.

மோட் இருந்தப்பவே, 1957 நவம்பர் 5ம் தேதி ஆன் இந்த வீட்டு டிராயிங் ரூம்ல கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு உட்கார வச்சாங்க, கவிஞர் ஜான் பெட்ஜமன் அதுல முக்கியமானவரு. விக்டோரியா காலக் கட்டிடங்களை இடிச்சுத் தள்ளறாங்களே, ஒரு சங்கம் வேணும்னு பேச்சு. அதுல இருந்து 1958ல 'விக்டோரியன் சொசைட்டி' உருவாச்சு. முதல் பெரிய சண்டையில தோத்தாங்க, யூஸ்டன் ஸ்டேஷன் வாசல்ல இருந்த பிரம்மாண்டமான கல் வளைவை 1961, 62ல இடிச்சுட்டாங்க. ஆனா பக்கத்துலயே இருக்கிற செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனுக்கும் அதோட ஹோட்டலுக்கும் 1967ல உயர்ந்த பாதுகாப்பு அந்தஸ்து கிடைச்சது, இன்னிக்கு பாரிஸ் ரயில் கிளம்பறது அங்க இருந்துதான். படத்துக்குப் பின்னாடி வால்பேப்பர் மிச்சம் பிடிச்ச மனுஷனோட டிராயிங் ரூம்ல இது ஆரம்பிச்சதுன்னு நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

ராஜ குடும்பத்தோட சம்பந்தம் உண்டுன்னு சொல்றாங்களே?

ஆனோட முதல் கல்யாணத்துப் பையன் ஆன்டனி ஆர்ம்ஸ்ட்ராங் ஜோன்ஸ். 1960 மே 6ம் தேதி எலிசபெத் ராணியோட தங்கச்சி இளவரசி மார்கரெட்டைக் கல்யாணம் பண்ணாரு, டிவில நேரடியா காட்டின முதல் ராஜ குடும்பக் கல்யாணம் அது, அப்புறம் அவருக்கு ஸ்னோடன் பிரபுன்னு பட்டம் கொடுத்தாங்க. அந்தக் கல்யாணம் நிக்கல, 1978ல விவாகரத்து. ஆனா அவரு தொழில் என்ன தெரியுமா? போட்டோகிராஃபர். கொள்ளுத்தாத்தா வீட்டு முற்றத்துல வேலைக்காரங்களை நிக்க வச்சு எடுத்தாரு, கொள்ளுப்பேரன் ராணியை நிக்க வச்சு எடுத்தாரு. ரத்தத்துல வந்ததான்னு கேட்டா எனக்குத் தெரியாது, ஆனா குடும்பத்துலயே அவ்வளவு போட்டோ இருந்தா பையன் வேற என்ன ஆவான்.

எப்ப மியூசியம் ஆச்சு?

1980ல ஆன் இந்த வீட்டையும் உள்ள இருக்கிற சாமானையும் லண்டன் நகர நிர்வாகமான கிரேட்டர் லண்டன் கவுன்சிலுக்கு வித்தாங்க, நடத்தற பொறுப்பு விக்டோரியன் சொசைட்டிக்கு. அந்தக் கவுன்சிலையே 1986ல கலைச்சுட்டாங்க, 1989ல கென்சிங்டன் அண்ட் செல்சி நகராட்சி எடுத்துக்கிச்சு, இப்பவும் அவங்ககிட்டதான். பேரு முன்னாடி லின்லி சாம்போர்ன் ஹவுஸ்னு இருந்தது, இப்ப சாம்போர்ன் ஹவுஸ்.

எல்லாமே ஒரிஜினல்தானா?

பெரும்பாலும், ஆனா நூத்துக்கு நூறுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆட்கள் வாழ்ந்த வீடு. ஆன் காலத்துல பெட்ரூம்ல புது வால்பேப்பர் ஒட்டினாங்க, அதுவும் மோரிஸ் டிசைன்தான், ஆனா 1870கள்ல ஒட்டினது கிடையாது. ராய் ரூம்ல ராய் காலத்து வாசனை. அப்படிப் பார்த்தா மூணு தலைமுறை ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கு, எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல, ஒரே வருஷத்துல உறைஞ்சு போன மாதிரி செட் போட்டா அது சினிமா.

லெய்ட்டன் ஹவுஸும் பக்கத்துலதானாமே, எதைப் பார்க்கறது?

நேரம் இருந்தா ரெண்டும், நடந்தே போயிடலாம், நிர்வாகமும் ஒண்ணுதான். லெய்ட்டன் ஹவுஸ்ல அரபு ஹால்னு ஒண்ணு இருக்கு, டமாஸ்கஸ்ல இருந்து வந்த ஓடுங்க, தங்க மொசைக், நடுவுல நீரூற்று, பார்த்ததும் வாய் பிளப்பீங்க. கல்யாணமே பண்ணிக்காத ஒரு மகா ஓவியரோட அரண்மனை அது. முதல்ல அதைப் பார்த்துட்டு அப்புறம் இங்க வாங்க, அதைப் பார்த்துட்டு வந்துதான் சாம்போர்னும் தன் வீட்டைப் பார்த்திருப்பாரு, அவரு எதுக்கு அவ்வளவு பீங்கான் வாங்கினாருன்னு அப்பதான் புரியும்.

போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது?

பக்கத்து டியூப் ஸ்டேஷன் ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டன், அங்க இருந்து சில நிமிஷ நடை. எல்லா நாளும் திறந்திருக்காது, நாளையும் டிக்கெட்டையும் அவங்க வெப்சைட்ல பார்த்துட்டுக் கிளம்புங்க. மாடிக்கு மாடி படி, முட்டி வலிக்காரங்க யோசிச்சு வாங்க. பெரிய பை எல்லாம் தோள்ல மாட்டிக்கிட்டு உள்ள நடக்காதீங்க, இடுக்கு இடுக்கா பீங்கான். டிராயிங் ரூம் வந்தா எல்லாரும் கலர் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க, நீங்க சுவத்துப் படங்களோட ஓரத்தைப் பாருங்க, படத்தை மட்டும் தொட்டுடாதீங்க.